வலப்பக்கம் திரும்பிய தேன்

எங்கள் பெரியப்பாவிடம் வேறு எதைப் பற்றியும் வாதாடலாம். தேனைப் பற்றி மட்டும் வாய் கொடுக்கக்கூடாது. அவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். ரயில் ஓடாத ஊரில் ஸ்ரேசன் மாஸ்ரருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு இருந்த வேலை, காலையில் ஒரு வைத்தியர் கொடுத்த சூரணத்தைத் தேனில் குழைத்து நக்குவது. அதன் பிறகு நாள் முழுவதும் எங்கள் வீட்டை நடத்துவது. அப்பா இறந்தபின் கோப்பாயில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து ஒழுங்கையில் இருந்த தன் வீட்டுக்கும் அவர்தான் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி எல்லாம்.

சூரணத்தைவிடத் தேனில்தான் அவருக்கு நம்பிக்கை. ஆகவே தேன் வாங்கினால் சோதனை பலமாக நடக்கும். ஒரு துளியை நிலத்தில் விட்டு எறும்பு வருகிறதா என்று குந்தியிருந்து பார்ப்பார். திரியைத் தேனில் தோய்த்துக் கொளுத்துவார். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது கலையாமல் அடிக்குப் போகிறதா என்று பார்ப்பார். கடைசியாக எங்கள் நாய்க்கு முன்னால் விரலை நீட்டுவார். அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் தேன் சுத்தம். எங்கள் நாயோ மீன் தலையைத் தவிர எதற்கும் முகத்தைத் திருப்புகிற சாதி. அதைச் சொன்னதற்காக நான் ஒரு கிழமை அவருடைய வாய்க்குள் விழுந்து எழும்பினேன்.

அப்படிப்பட்ட மனிதருக்கு முன்னால்தான் என் அக்காவைக் கேட்டு வந்தவர் ஒரு போத்தல் தேனைக் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா ஆசிரியை. கஷ்டப் பிரதேசச் சேவை என்று அவளை வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே கணிதம் படிப்பித்த மாஸ்ரர்தான் இவர். அக்கா இடமாற்றம் பெற்று வந்த பிறகும் கடிதம் வந்துகொண்டிருந்தது. கடிதம் வரும் நாட்களில் அக்கா கிணற்றடியில் பாடிக்கொண்டு உடுப்புத் தோய்ப்பாள், நாங்கள் காது கேட்காதவர்கள்போல இருப்போம். தொண்ணூறுகளின் முன்பாதி அது, சண்டைக்காலம். மின்சாரம் இல்லை, வீதி பூட்டு, வன்னியிலிருந்து வருவதென்றால் கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். வயதான தாய் தகப்பனை அந்த வள்ளத்தில் ஏற்றிப் பெண் கேட்க அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தானே வந்தார். கூடவே சைக்கிள், சைக்கிள் கரியரில் பழைய சாரத்துணியால் சுற்றிய தேன் போத்தல்.

மாப்பிள்ளை தானே வந்து பெண் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அதுவே பெரியப்பாவுக்கு முதல் குற்றம். வன்னிக் காட்டுப்பக்கத்து ஆள் என்பது இரண்டாவது. அதை அவர் வாயால் சொல்லவில்லை, மூக்கால் சொன்னார். போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு வெள்ளையாக, மணல்போல உறைந்திருந்தது.

"உது என்ன தம்பி அடியிலை?"

"தேன் உறைஞ்சிருக்கு ஐயா. சில பூவின்ரை தேன் அப்பிடித்தான்."

"ஓம் ஓம்" என்றார் பெரியப்பா. அந்த ஓமை நான் அறிவேன். வண்டி வராது என்று தெரிந்துகொண்டு பயணிகளுக்குச் சொல்லும் ஓம் அது.

மாஸ்ரர் தேநீர் குடித்துவிட்டு, தான் தங்கியிருந்த நல்லூர்ப் பக்கம் போய்ச் சேருமுன்னமே தீர்ப்பு வந்துவிட்டது.

"சீனி! சீனியைக் காய்ச்சி ஊத்தினால்தான் உப்பிடி அடியிலை உறையும். பெண் கேட்டு வாற வீட்டுக்குக் கொண்டாற தேனிலையே கலக்கிறவன், நாளைக்குக் குடும்பத்துக்குள்ளை என்னத்தைக் கலப்பான்? உவன் சரிவரமாட்டான்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "பெரியப்பா, சீனி விக்கிற விலையிலை ஆரும் தேனுக்குள்ளை சீனி கலப்பினமோ? சீனிக்குள்ளை தேனைக் கலந்தாலும் காரியம்" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை. அடுத்த நாள் கிணற்றடியில் பாட்டும் இல்லை. பெரியப்பா மாட்டேன் என்றால் அம்மா மாட்டாள். அம்மா மாட்டாள் என்றால் அக்கா தாண்டமாட்டாள். மாஸ்ரர் மறுபடி வள்ளம் ஏறிப் போய்விட்டால் அந்தக் கதை அவ்வளவுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அப்போது கம்பஸில் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் டெமொன்ஸ்ரேற்றர், மாணவருக்குப் பரிசோதனை செய்து காட்டுகிறவள். மின்சாரம் இல்லாத ஊரில் பௌதிகம் படிப்பிப்பது கிட்டத்தட்ட ரயில் இல்லாத ஊரில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருப்பதுதான். மின்னியல் பரிசோதனைகள் பாதி படுத்துவிட்டன. தப்பிப் பிழைத்தது ஒளியியல். அதற்கு ஒரு சுவாலை போதும். அந்த அலுமாரியில் எனக்கு மிகப் பிடித்த சாமான் ஒரு கல்சைற்றுப் பளிங்கு. பார்த்தால் சரிந்துபோன கற்கண்டுக் கட்டி. அதைப் பத்திரிகையின் மேல் வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரியும். கட்டியைச் சுழற்றினால் ஒரு எழுத்து அசையாமல் நிற்கும், மற்றது அதைச் சுற்றி வரும். உள்ளே போகும் ஒளிக்கதிரை அந்தப் பளிங்கு இரண்டாகப் பிரித்துவிடுகிறது. பிரிந்தவை இரண்டும் ஒரே மாதிரி அல்ல. சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் அதிரும். இவை ஒவ்வொன்றும் ஒரே தளத்தில்தான் அதிரும். ஒன்று மேலும் கீழும் என்றால் மற்றது இடமும் வலமும். முனைவாக்கப்பட்ட ஒளி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் எல்லோரும் "ஐயோ மிஸ்" என்று கத்துவார்கள். எனக்கும் ஒவ்வொரு தடவையும் கத்தவேண்டும்போலத்தான் இருக்கும்.

இந்த இரண்டு கதிரும் ஒன்றாக வந்தால் வேலைக்கு உதவாது. ஒன்றைக் கழற்றிவிடவேண்டும். அதற்காக அந்தக் காலத்து ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பளிங்கைக் குறுக்காக அறுத்து, ஒரு தெளிந்த பிசினால் மறுபடி ஒட்டினார்கள். ஒரு கதிர் பிசினில் பட்டுப் பக்கவாட்டில் எறியப்படும். மற்றது பிசினைத் தாண்டி நேரே போகும். இதுதான் கல்சைற்று அரியம். இப்படி இரண்டு அரியங்களை ஒன்றின் பின் ஒன்றாக வைத்து, இரண்டாவதை மெல்லச் சுழற்றினால், ஒரு நிலையில் ஒளி முழுதாக அணைந்துபோகும். முதலாவது விட்டதை இரண்டாவது விடாது.

இந்த இருட்டுக்குள்தான் என் திட்டம் இருந்தது. அரியங்கள் இரண்டுக்கும் நடுவே சீனித் தண்ணீரை வைத்தால் இருட்டு கலைந்து வெளிச்சம் வரும். சீனி ஒளியின் தளத்தையே திருகிவிடுகிறது. மறுபடி இருட்டாக்க இரண்டாவது அரியத்தை வலப்பக்கம் திருப்பவேண்டும். தேன் என்றால் இடப்பக்கம். சீனி வலம், தேன் இடம். எறும்பும் வேண்டாம், நாயும் வேண்டாம்.

அக்காவிடம் சொன்னபோது அவள் எரிந்து விழுந்தாள். "என்ரை கலியாணத்தை உன்ரை கண்ணாடிக்குள்ளாலையோ பார்க்கப்போறாய்?"

"பெரியப்பாவுக்காக எங்கடை நாய் பார்க்கலாம், நான் பார்க்கக்கூடாதோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பாவும் சம்மதித்தார். சோதனை என்ற சொல்லே அவருக்குத் தேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். மேலே உள்ள தேனை எடுக்கக்கூடாது, அடியில் உறைந்து கிடப்பதைத்தான் எடுக்கவேண்டும். கள்ளன் எங்கே ஒளிந்திருக்கிறானோ அங்கேதானே தேடவேண்டும் என்றார். எனக்கு அதில் பிழை தெரியவில்லை.

அரியங்களைத் தந்த எங்கள் பேராசிரியர், "கவனம் பிள்ளை. ஒட்டியிருக்கிற பிசின் கனடாப் பிசின். உடைச்சால் நீர்தான் கனடாவுக்குப் போய்க் கொண்டரவேணும்" என்றார். அந்தக் காலத்தில் கனடாவுக்குப் போக வழி தேடாத வீடு குறைவு. அதனால் அது பயமுறுத்தலா ஆசை காட்டலா என்று எனக்கு விளங்கவில்லை. பிஸ்கற் ரின்னுக்குள் பஞ்சு வைத்து, சைக்கிள் கூடையில் பிள்ளையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தேன்.

ஒரு பலகையில் இரண்டு அரியங்களையும் நேர்கோட்டில் பொருத்தினேன். தேன் கரைசலுக்கு ஒரு பழைய சைக்கிள் பம்பின் குழாய். இரு வாயிலும் மெல்லிய கண்ணாடியை மெழுகால் ஒட்டினேன். இரண்டாவது அரியத்தோடு ஒரு கொண்டையூசி, அதன் பின்னால் பள்ளிக்கூடப் பாகைமானி. விளக்குக்கு ஆய்வுகூடத்து ஸ்பிரிற் கொஞ்சம். திரியில் உப்பைத் தேய்த்துக் கொளுத்தினால் சுத்தமான மஞ்சள் ஒளி வரும். உப்புக்கு மட்டும் எங்களிடம் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் சோதனை. வீட்டில் இருட்டான அறை வெங்காயம் கட்டித் தொங்கவிட்ட அறைதான். ஜன்னலைச் சாக்கால் மூடினேன். உப்பு விளக்கு எரிந்ததும் எல்லாருடைய முகமும் செத்த மஞ்சளாகிவிட்டது. சிவப்பு வெங்காயம் கறுத்துப்போனது. அக்கா பார்த்துப் பார்த்து உடுத்த சிவப்புச் சட்டை சாம்பல் நிறமாய்த் தெரிந்தது. பாவம், அதை யார் அவளுக்குச் சொல்வது? மாஸ்ரர் கதவோரம் கைகட்டி நின்றார். தேனைச் சோதிக்கப் போகிறோம் என்று சொன்னபோது அவர் கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். "நல்லது, எனக்கும் அந்தப் பளிங்கைப் பார்க்கவேணும்" என்று வந்திருந்தார்.

முதலில் வெறும் தண்ணீர். இருட்டு. ஊசி பூச்சியத்தில். பெரியப்பா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்து, "ஒண்டும் தெரியேல்லை" என்றார்.

"ஒண்டும் தெரியாததுதான் பெரியப்பா சரி."

"உதுக்கோ இவ்வளவு படிச்சனீ?"

பிறகு சீனித் தண்ணீர். அம்மா ஒளித்து வைத்திருந்த சீனியில் நான் ஒரு கரண்டி எடுத்ததைக் கண்டு அம்மா வைத வசவு தனிக்கதை. வெளிச்சம் வந்தது. ஊசியை வலப்பக்கம் திருப்ப, இருட்டியது. அடுத்தது பெரியப்பாவின் வீட்டுத் தேன், அவர் பாதுகாத்துவரும் பழைய போத்தலிலிருந்து. ஊசி இடப்பக்கம் போய் இருட்டியது. "என்ரை தேன் எண்டைக்குப் பிழைச்சது?" என்று அவர் எல்லோரையும் பார்த்தார். ஆள் இப்போது முழுதாக என் பக்கம். இனி இந்த மனிதர் என்ன வந்தாலும் நம்புவார் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

மாஸ்ரரின் போத்தலின் அடியிலிருந்து உறைந்ததை அகப்பைக்காம்பால் சுரண்டி எடுத்து, தண்ணீரில் கரைத்து, வடிதாளில் வடித்து, உடனேயே குழாயில் ஊற்றிப் பார்த்தேன். வெளிச்சம் வந்தது. ஊசியை இடப்பக்கம் திருப்பினேன். வெளிச்சம் கூடியது. இன்னும் திருப்பினேன். இன்னும் கூடியது. வலப்பக்கம் திருப்பினேன். இருட்டியது.

ஊசி நின்ற பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. சொந்தச் செலவில் சூனியம் வைப்பது என்பார்கள். நான் அக்காவின் செலவில் வைத்திருந்தேன்.

பெரியப்பா குதிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "சரி, சிவப்புச் சிக்னல் விழுந்திட்டுது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

மாஸ்ரர் கட்டிய கையை அவிழ்த்தார். "ஐயா, இது நான் பொந்திலை எடுத்த தேன் இல்லை. வேட்டைக்குப் போற ஒராளிட்டை வாங்கினனான். சுத்தமான தேன் எண்டு நம்பித்தான் கொண்டுவந்தனான். சீனி எண்டால் நான் ஏமாந்திட்டன். அதுக்கு மேலை எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை."

அவர் செருப்பைத் தேடிக் கொண்டிருக்கும்போது அக்காவின் குரல் கேட்டது. அக்கா வீட்டில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வகுப்பில் அப்படித்தான் கதைப்பாள்போல.

"பெரியப்பா, ஏமாத்தினவனைக் கட்டாதை எண்டு சொல்லுங்கோ, கேக்கிறன். ஏமாந்தவரைக் கட்டக்கூடாது எண்டு எங்கை இருக்கு? இவர் நினைச்சிருந்தால் தான் எடுத்த தேன் எண்டே சத்தியம் பண்ணியிருக்கலாம். பண்ணினவரோ?"

பெரியப்பா வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"ரெண்டு வருசம் இவரோடை ஒரே பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான். பிள்ளையளுக்குக் கணக்குப் பிழையாச் சொல்லிக் குடுத்திட்டால், அடுத்த நாள் வந்து, நேற்று நான் சொன்னது பிழை எண்டு பலகையிலை எழுதிற மனிசன். எனக்கு அது காணும். நீங்கள் என்னை நம்புறியளோ, உந்தக் குழாயை நம்புறியளோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

உப்பு விளக்கு படபடத்தது. அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வெங்காய நெடியோ என்னவோ எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. பெரியப்பா என் பலகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பாலர் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

"உன்னைத்தான் பிள்ளை" என்றார். பிறகு மாஸ்ரர் பக்கம் திரும்பினார். "நீர் ஏன் காணும் செருப்பைப் போடுறீர்? சாதகம் கொண்டந்தனீரோ?"

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. அம்மா தேநீருக்கு ஓடினாள். பெரியப்பா தன் பழைய ஸ்ரேசன்களின் கதையைத் தொடங்கினார், அது அவர் மருமகனாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் கொடுக்கும் தண்டனை. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேநீர் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே மத்தியானச் சாப்பாடும் ஆனது. நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குச் சந்தோசம்தான். ஆனால் எனக்கு அந்தத் தேனில் மனம் ஒப்பவில்லை.

சாப்பிட்டபின் சாமான்களை ஒதுக்கப் போனேன். அரியங்களைக் கழற்றுமுன் விளக்கைக் கொளுத்தி, சும்மா ஒருமுறை கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டில் விட்டுப்போனது இப்போது வெளிச்சமாக இருந்தது. ஒருவரும் தொடவில்லை. ஊசியைத் திருப்பினேன். பூச்சியத்தைத் தாண்டி இடப்பக்கம் கொஞ்சம் போனபிறகுதான் இருட்டியது. நம்பாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடம்தான்.

அப்போதுதான் மண்டையில் தட்டியது. தேன் உறைவது சீனியால் அல்ல, தேனுக்குள் இயல்பாய் இருக்கும் குளுக்கோசால். உறைந்த குளுக்கோசு புதிதாய்க் கரைந்தால் கொஞ்ச நேரம் அளவுக்கு மிஞ்சி வலப்பக்கம் திருகும். நேரம் போகப் போகத்தான் அது அடங்கி நிதானத்துக்கு வரும், அதன் பிறகே தேனின் உண்மையான குணம் தெரியும். இரசாயனம் படித்தவர்கள் கரைசலை ஆறவிட்டுத்தான் பார்ப்பார்கள். பெரியப்பா கேட்டபடி அடியிலிருந்து எடுத்ததும், நான் அவசரப்பட்டு உடனே பார்த்ததும் சேர்ந்து அந்த மனிதரைக் கள்ளனாக்கப் பார்த்தது. சீனி என்றால் எவ்வளவு நேரம் வைத்தாலும் வலப்பக்கத்திலேயே நிற்கும். இது சுத்தமான தேன்.

நான் "பெரியப்பா!" என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தேன். குசினி வாசலில் அக்கா எச்சில் கோப்பைகளோடு வந்து மறித்தாள். மூச்சு வாங்க விசயத்தைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"மாஸ்ரருக்கு நான் சொல்லுறன். பெரியப்பாவுக்குச் சொல்லாதை."

"ஏன்? உனக்கென்ன விசரோ? தேன் சுத்தம் எண்டு தெரிஞ்சால் அவருக்கும் நிம்மதிதானே?"

"இப்ப நீ போய்ச் சொன்னால் அவர் தேனைப் பார்த்துச் சம்மதிச்சதாப் போயிடும். அவர் என்னைப் பார்த்துச் சம்மதிச்சவர். அது அப்பிடியே இருக்கட்டும்."

எனக்கு முதலில் கோபம் வந்தது. சரியான பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடியிரு என்றால் எந்தப் பௌதிகக்காரிக்குத்தான் பொறுக்கும்? பேராசிரியரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "கனடாவுக்குப் போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அக்கா கோப்பை கழுவப் போனாள். கிணற்றடியில் பாட்டுக் கேட்டது.

மறுநாள் காலை பெரியப்பா சூரணப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய வீட்டுத் தேன் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவிடம் அந்தப் போத்தலைக் கேட்டு வாங்கினார். கலப்படம் என்று சந்தேகம் வந்தால் வைத்தியர் வீட்டுத் தேனையே வேலிக்கு வெளியே ஊற்றியவர் அவர். இரும்புக் கரண்டியை அடிவரை விட்டு, உறைந்ததையும் சேர்த்துக் கிளறி எடுத்து, உள்ளங்கையில் சூரணத்தோடு குழைத்தார்.

"சீனி எண்டனீங்கள் அத்தான், மருந்துக்கு ஆகுமே?" என்றாள் அம்மா.

"எங்கடை மருமோன் கடல் கடந்து கொண்டந்தது. சீனியெண்டால் என்ன?" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா உள்ளங்கையை ஒட்ட நக்கினார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாய், ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.